லொதார் அணிந்த முகமூடி

சித்திரக்கதை வீரர்களுக்கு நரை, திரை, மூப்பு என்பன இல்லை. நேற்றுப் பாய்ந்த மாடியிலிருந்து இன்றும் பாய்வர். எண்பது ஆண்டுகளுக்கு முன் சுட்ட துப்பாக்கியில் இன்றும் புகை அடங்காது. ஆயினும் அவர்களுக்கும் ஒருவகை மரணம் உண்டு. அவர்களை அறிந்தவர் தொகை சிறிது சிறிதாகக் குறைந்து போவதே அம்மரணம். மந்திரவாதி மான்ட்ரேக் என்ற பெயரைக் கேட்டதும் முகம் மலர்கின்ற ஒருவரை நம் வாசகர்களிற் பலர் தத்தம் வீட்டிலேயே காணக்கூடும். அவர் பெரும்பாலும் தந்தையாராகவோ பேரனாராகவோ இருப்பார். அவர்தம் பேரப்பிள்ளைக்கோ அப்பெயர் வெறும் ஓசை.

இவ்வாறு மறக்கப்பட்டு வரும் வீரர்களைத் தட்டி எழுப்பி, வெவ்வேறு கதைகளைச் சேர்ந்தவர்களை ஒரே கதையிற் கூட்டி, இக்காலத்து உலகில் உலவவிடும் முயற்சி அமெரிக்கச் சித்திரக்கதைத் துறையில் நெடுநாளாக நடைபெற்று வருகின்றது. அவ்வகைக் கதைகளுள் ஒன்று எம்மைச் சில நாட்கள் ஆழ்ந்து சிந்திக்க வைத்தது. 2013 ஆம் ஆண்டில் டைனமைட் என்னும் அமெரிக்கப் பதிப்பகம் வெளியிடத் தொடங்கிய 'கிங்ஸ் வாட்ச்' என்பதே அது. ஜெப் பார்க்கர் எழுத, மார்க் லேமிங் சித்திரம் தீட்ட, ஐந்து இதழ்களில் அக்கதை நிறைவெய்திற்று. வேதாளன், மான்ட்ரேக், பிளாஷ் கோர்டன் ஆகிய மூவரும் அதில் ஒரே பகைவனை எதிர்த்து நிற்கின்றனர்.

பழைய கள்ளைப் புதிய மொந்தையில் ஊற்றும் வேலைதானே இது என்று சிலர் கேட்கலாம். விற்பனை நோக்கம் இதில் இல்லை என்று எவரும் சாதிக்க முடியாது. ஆனால் விற்பனைக்கு அப்பாலும் இதில் ஒரு செய்தி உண்டென்பது எமது துணிபு. பழைய வீரனை எழுப்புவோர் அவனோடு வேறு யாரை எழுப்புகின்றனர் என்பதைக் கவனித்தால் அச்செய்தி புலனாகும்.

முதலில் இவ்வீரர்கள் பிறந்த வீட்டை அறிதல் நன்று. 1896 ஆம் ஆண்டில் பிராங் மன்சி என்ற அமெரிக்கப் பதிப்பாளர் தமது 'ஆர்கோசி' என்னும் சஞ்சிகையை முற்றாகக் கதைகளுக்கே ஒதுக்கினார். மரக்கூழினாற் செய்த மலிவான முரட்டுக் காகிதத்தில் அச்சிட்டு, கூலிக்காரனும் வாங்கக்கூடிய விலையில் அதனை விற்றார். கூழ் என்பதற்கு ஆங்கிலத்தில் 'பல்ப்' என்று பெயர். காகிதத்தின் பெயரே நாளடைவில் அதில் அச்சான கதைகளின் பெயருமாயிற்று. அத்தகைய சஞ்சிகைகளிலேதான் 1912 இல் டார்சானும், 1919 இல் கருமுகமூடி அணிந்த ஸோரோவும் பிறந்தனர். 1931 இல் 'ஷாடோ' என்ற வீரனுக்கெனத் தனிச் சஞ்சிகையே தோன்றியது. நிழல் என்பது அப்பெயரின் பொருள். வால்டர் கிப்சன் என்பவர் மக்ஸ்வெல் கிரான்ட் என்ற புனைபெயருள் மறைந்துகொண்டு, அச்சஞ்சிகையில் வெளியான 325 நாவல்களுள் 280 இற்கு மேற்பட்டவற்றை எழுதிக் குவித்தார். 1933 இல் டொக் சவேஜ் வந்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் காகிதத் தட்டுப்பாடும், போருக்குப் பின் மாறிய மக்கள் சுவையும் சேர்ந்து அச்சஞ்சிகைகளை வாட்டின. ஷாடோ, டொக் சவேஜ் ஆகிய இருவரின் சஞ்சிகைகளும் 1949 ஆம் ஆண்டிலேயே நின்றுபோயின.

இதே இரத்தம் நாளேடுகளின் சித்திரத் தொடர்களிலும் ஓடிற்று. 1934 ஜனவரியில் அலெக்ஸ் ரேமண்ட் தீட்டிய பிளாஷ் கோர்டன் மொங்கோ என்னும் கிரகத்துக்குப் புறப்பட்டான். அதே ஆண்டு ஜூனில் லீ பால்க் என்ற இளைஞர் மான்ட்ரேக்கைப் படைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. 1936 பெப்ரவரியில் அவரே வேதாளனையும் படைத்தார். உடலோடு ஒட்டிய உடை, கண்மணி தெரியாத முகமூடி என்னும் கோலம் 1938 இற் பிறந்த சூப்பர்மானுக்கு இரண்டு ஆண்டு முற்பட்டது. பால்க் 1999 இல் தம் எண்பத்தேழாவது வயதிற் காலமாகும் வரை இவ்விரு பிள்ளைகளையும் கைவிடவில்லை.

வேதாளனின் கதை வாசகர் பலருக்கு நினைவிருக்கும். 1536 ஆம் ஆண்டிற் கடற்கொள்ளையர் ஒரு கப்பலைத் தாக்கித் தலைவனைக் கொன்றனர். உயிர் தப்பிக் கரையொதுங்கிய மகன், தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மீது கை வைத்து ஆணையிட்டான். கடற்கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி ஆகியவற்றைத் தானும் தன் வழித்தோன்றல்களும் எதிர்த்து ஒழிப்பதாக அவ்வாணை கூறிற்று. அன்றுதொட்டுத் தந்தைக்குப் பின் மகன் என முகமூடி கைமாறி வந்தது. புறத்தே இருந்து காண்போருக்கு ஒரே மனிதன் நானூறு ஆண்டுகளாக வாழ்வதுபோற் தோன்றிற்று. நாம் அறிந்த வேதாளன் அவ்வரிசையில் இருபத்தோராவது ஆள். ஆகவே சாகாதவன் என்பது ஒரு மனிதனின் பெயரன்று. ஒரு பதவியின் பெயர். இதை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டுகின்றோம். பின்னால் இது எமக்கு வேண்டியிருக்கும்.

இனி, ஒருவன் கதையில் இன்னொருவன் புகுவது எவ்வாறு என்று பார்ப்போம். மேலைநாட்டார் இதைப் புதுமை போலக் கொண்டாடினாலும் நமக்கு இது பழம் பழக்கம். பாண்டவர் வனவாசத்தின்போது பீமன் மலர் தேடிச் செல்லும் வழியில் ஒரு முதிய குரங்கு வாலை நீட்டிப் படுத்திருக்கின்றது. விலகச் சொல்கின்றான், விலகவில்லை. வாலைத் தூக்கி எறிய முயல்கின்றான், அசைக்கவும் இயலவில்லை. அக்குரங்கு இராமகாதையின் அனுமன்! ஒரு காப்பியத்தின் வீரன் மற்றொரு காப்பியத்தின் நடுவில் வந்து படுத்திருக்கின்றான். இலங்கைப் போர் கண்ட சாம்பவானும் சியமந்தக மணியின் பொருட்டுக் கண்ணபிரானோடு பொருது, பின் தன் மகளை அவனுக்கே மணம் செய்து கொடுக்கின்றான். இராமனோடு வில் வளைத்த பரசுராமர் வீடுமருக்கும் கர்ணனுக்கும் ஆசிரியராகின்றார்.

இச்சந்திப்புக்களிலிருந்து ஓர் இலக்கணம் பெறலாம். பீமன் அனுமனைக் கண்டது இரு வலியோரை ஒரு பக்கத்திற் காட்டிக் கேட்போரை மகிழ்விக்கவன்று. அச்சந்திப்பினாற் பீமனின் செருக்கு அடங்குகின்றது. அதன் பின் அவன் பழைய பீமனல்லன். இரு கதைகள் சந்தித்தால் அவற்றுள் ஒருவரேனும் மாறியாக வேண்டும். எவரும் மாறாமற் பிரிந்தால் அது சந்தையில் இருவர் உரசிக்கொண்டு போனதற்கு ஒப்பாகும்.

இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு மேலைநாட்டுக் கூட்டுக்கதைகளை அளந்து பார்க்கலாம். 1999 இல் அலன் மூரும் கெவின் ஓநீலும் வெளியிடத் தொடங்கிய 'தி லீக் ஒப் எக்ஸ்ட்ராஓடினரி ஜென்டில்மென்' என்னும் சித்திரக்கதை, பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் மாந்தரை ஒரே குழுவிற் சேர்த்தது. அதில் எம் கண்ணைக் கவர்ந்தவர் கப்டன் நீமோ. ஜூல்ஸ் வேர்ண் தமது முதற் கதையில் அம்மனிதரின் பிறப்பை மறைத்துவிட்டார். 1875 இல் நிறைவுற்ற 'மர்மத் தீவு' நாவலிலேதான் அவர் டக்கார் என்னும் இந்திய இளவரசர் என்றும், 1857 ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயரை எதிர்த்தவர் என்றும் வெளியிட்டார். வேர்ண் சொன்ன அச்செய்தியைத் திரைப்படக்காரர் பலர் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. நீமோவுக்கு ஐரோப்பிய முகமே கொடுத்து வந்தனர். மூரும் ஓநீலும் அவருக்குத் தலைப்பாகையையும் தாடியையும் திருப்பிக் கொடுத்தனர். 2003 இல் அக்கதை திரைப்படமானபோது நஸீருத்தீன் ஷா அவ்வேடம் பூண்டார். புத்துயிர் அளித்தல் சிலவேளை பறிபோனதை மீட்டுக் கொடுத்தலுமாகும் என்பதற்கு இது சான்று.

2012 இல் தொடங்கி எட்டு இதழ்களாக வெளிவந்த 'மாஸ்க்ஸ்' என்பது மற்றொன்று. கிறிஸ் ரொபர்சன் எழுதினார். முதல் இதழை அலெக்ஸ் ரொஸ் வண்ணத்தில் தீட்டினார். ஷாடோ, ஸ்பைடர், கிறீன் ஹோர்னெட் முதலிய பழைய முகமூடியோர் அதிற் கூடுகின்றனர். நியூயோர்க்கில் ஆட்சியைப் பிடித்த கட்சியொன்று சட்டத்தையே கொடுங்கோலாக்கி விடுகின்றது. இதன் விதை 1938 இல் ஸ்பைடர் சஞ்சிகையில் வந்த மூன்று கதைகளில் உள்ளது. திருடனைப் பிடிக்க ஒருவன் போதும். காவலனே கள்வனாகும்போது பலர் கூட வேண்டும். அவர்கள் கூடுவதற்கு நேர்மையான காரணம் இருந்தமையால் அக்கதை நின்றது.

இத்தகைய கூட்டங்கள் நினைத்தவுடன் கூடிவிடுவனவல்ல. அமெரிக்கச் சட்டப்படி அக்காலத்து வெளியீடுகளுக்குத் தொண்ணூற்றைந்து ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். மூரும் ஓநீலும் முதலிற் சேர்த்தவர்களுட் பெரும்பாலோர் உரிமைக்காலம் கடந்தவர்கள். வேதாளன், மான்ட்ரேக், பிளாஷ் கோர்டன் ஆகிய மூவரும் இன்னும் அக்காலம் கடக்கவில்லை. 1936 ஆம் ஆண்டு வேதாளன் கதைகள் 2032 இலேதான் பொதுவுடைமை ஆகும். ஆனால் மூவரும் கிங் பீச்சர்ஸ் என்னும் ஒரே நிறுவனத்தின் உடைமைகள். ஒரே வளவில் வளர்ந்த பிள்ளைகளை ஒரே பந்தியில் இருத்துவது எளிது. 1986 இலேயே இம்மூவரையும் அவர்தம் பிள்ளைகளையும் சேர்த்து 'டிபென்டர்ஸ் ஒப் த ஏர்த்' என்ற கேலிச்சித்திரத் தொடரைத் தொலைக்காட்சிக்கென ஆக்கினர். மான்ட்ரேக்கின் தோழனான லொதாரும் அதில் நால்வருள் ஒருவனாக நின்றான்.

லொதாரின் பெயர் வந்துவிட்டது. இக்கட்டுரையின் நாயகன் அவனே.

மான்ட்ரேக் பட்டுத் தொப்பியும் தோள் மேலங்கியும் அணிந்து கையசைத்தால், எதிரியின் துப்பாக்கி பாம்பாக நெளியும். அல்லது நெளிவதாக எதிரிக்குத் தோன்றும். அவனுக்குப் பின்னால் ஆறடிக்கு மேல் உயர்ந்த ஓர் ஆபிரிக்கர் நிற்பார். 1934 ஆம் ஆண்டுத் தொடரில் அவருக்குச் சிறுத்தைத் தோலும் குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பியும் உடை. அவர் வாயில் உடைந்த ஆங்கிலம். கதைப்படி அவர் ஏழு நாடுகளின் இளவரசர். அரசுரிமையைத் துறந்து நண்பனோடு வந்தவர். ஆனால் இளவரசர் என்று எழுதிவிட்டு ஏவலாளராக வரைந்தனர். அக்காலத்து அமெரிக்க நாளேட்டின் கண்ணுக்குக் கறுப்பு மனிதர் அவ்வாறே தெரிந்தார்.

இதன் வலி எழுதியவர்க்குத் தெரியாது. வாசித்த பிள்ளைக்குத் தெரியும். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, புதிய புத்தகங்களின் வரவும் அரிது. மண்ணெண்ணெய் விலை உச்சத்தில் இருந்தமையால், ஜாம் போத்தலுக்குட் பஞ்சையிட்டுச் சிறிதளவு எண்ணெய் விட்டு எரிக்கும் விளக்கே இரவின் துணை. அவ்வொளியில், ஒரு தலைமுறை முன்னர் தமிழகத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்து, அட்டை கிழிந்து, கைமாறிக் கைமாறி ஓரம் மடிந்துபோன சித்திரக்கதைகளை வாசித்தோம். பகலில் அக்கதைகளே எமது விளையாட்டு. யார் வேதாளன், யார் மான்ட்ரேக் என்று நாள்தோறும் பெருஞ் சச்சரவு நடக்கும். லொதார் யார் என்பதில் மட்டும் ஒருநாளும் சச்சரவு நடந்ததில்லை. தோழர் குழுவில் உயரமும் கருமையும் மிகுந்தவர் நாம். பார்த்தவுடன் தீர்ப்பு வழங்கிவிடுவர். மூன்று ஆண்டுகளில் ஒரு தடவையேனும் எமக்கு முகமூடி கிடைத்ததில்லை. மான்ட்ரேக்கின் பெட்டியாக ஒரு பிஸ்கற் தகரத்தைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தோம்.

விளையாட்டுத்தானே என்று விட்டுவிடலாம். விட்டுவிட்டோம் என்றே எண்ணியிருந்தோம். ஆனால் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் கதைகளில் நாம் எங்கே நிற்கின்றோம் என்பது பிள்ளைப் பருவத்திலேயே தீர்ந்துவிடும் காரியம். வகுப்பறையில் இருபது ஆண்டுகள் நின்ற பின் இதனை உறுதியாகச் சொல்கின்றோம். பின்வரிசையில் அமரும் பிள்ளைகளிற் பலர் அறிவு குறைந்தவரல்லர். தமக்கு முகமூடி கிடைக்காது என்று எப்போதோ தெரிந்துகொண்டவர்கள்.

லொதாரின் கோலம் ஒரே இரவில் மாறவில்லை. 1964 இல் ஓவியர் பில் டேவிஸ் மறைந்தபின், 1965 இற் பிரெட் பிரெடரிக்ஸ் மான்ட்ரேக்கை வரையத் தொடங்கினார். அப்பொழுது அமெரிக்காவிற் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டம் ஓங்கியிருந்தது. லொதாரின் தொப்பி போயிற்று, பேச்சுத் திருந்திற்று, ஏவலாளர் மெல்ல மெல்ல நண்பரானார். கிறீன் ஹோர்னெட்டின் சாரதி காட்டோவுக்கும் ஏறத்தாழ அக்காலத்திலேயே விடிவு பிறந்தது. 1966 இல் தொலைக்காட்சியில் அவ்வேடம் பூண்ட புரூஸ் லீ நடந்த நடையில், எசமானைப் பார்க்க மறந்து சாரதியைப் பார்த்தவர் பலர். ஆயினும் தலைப்பில் எசமானின் பெயரே நின்றது.

வேதாளனிடத்தும் இத்தகைய குறை உண்டு என்பதை மறைத்தல் முறையன்று. நல்லவனே ஆயினும் அவன் வெள்ளையன். காட்டுமக்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவர் போலவும், நானூறு ஆண்டுகளாக ஓர் ஐரோப்பியக் குடும்பம் மண்டையோட்டு ஆசனத்தில் அமர்ந்து அவர்களைக் காப்பது போலவும் கதை அமைந்தது. அதை வாசித்த ஆசிய, ஆபிரிக்க மக்கள் அக்குறையைப் பொறுத்துக்கொண்டதோடு நில்லாமல் வேதாளனைத் தம்முடையவனாகவே ஆக்கிக்கொண்டனர் என்பது வியப்பு. 1964 இல் தொடங்கிய இந்திரஜால் கொமிக்ஸ் என்னும் இந்தியப் பதிப்பு, மூலத்தில் இருந்த 'பெங்காலி' என்ற காட்டின் பெயர் வங்காளத்தோடு மயங்காதிருக்க அதனை 'டென்காலி' என மாற்றிற்று. தமிழில் அவன் வேதாளன் என்ற பெயர் பெற்றதும், விக்கிரமாதித்தன் தோளில் ஏறிய வேதாளத்துக்கு உறவினன் ஆகிவிட்டான். பாப்புவா நியூகினியின் மலைநாட்டு வாகி மக்கள் தம் போர்க் கேடயங்களிலேயே அவனைத் தீட்டினர். அவற்றுட் சில இன்று அரும்பொருட்சாலைகளில் உள்ளன. சாகாதவனின் படத்தைக் கேடயத்தில் எழுதுவது எவ்வளவு பொருத்தம்! தமக்கென எழுதப்படாத கதையை அவர்கள் தமக்கெனக் கைக்கொண்டனர்.

எழுதியவர்கள் பக்கத்திலிருந்து மறுமொழி வரச் சற்றுக் காலம் சென்றது. 'கிங்ஸ் வாட்ச்' கதையில் வானத்தில் விபரீத ஒளி தோன்றுகின்றது. ஊரெங்கும் மக்கள் ஒரேவிதமான தீக்கனாக் காண்கின்றனர். வேற்றுலகக் கொடுங்கோலன் மிங் பூமியின்மீது படையெடுக்கின்றான். மூன்று வீரரும் கூடுகின்றனர். இவ்வளவும் எதிர்பார்த்ததே. எதிர்பாராதது அதன் தொடர்ச்சியாக 2015 இல் வந்தது. பிரையன் கிளெவிஞ்சர் எழுதி, பிரென்ட் ஸ்கூனோவர் வரைந்த 'கிங்: த பாண்டம்' என்னும் தொடரில் முந்திய வேதாளனுக்குப் பின் அவனுடைய முகமூடியை அணிந்து நிற்பவர் லொதார்! 1934 இற் சிறுத்தைத் தோலோடு ஒருவன் பின்னால் நிற்க வைக்கப்பட்டவர், எண்பத்தொரு ஆண்டுகள் கழிந்தபின் மண்டையோட்டுக் குகையின் பொறுப்பை ஏற்கின்றார். மான்ட்ரேக்கின் கதையும் வேதாளனின் கதையும் சந்தித்திராவிடின் இது நிகழ்ந்திராது. ஒன்றில் ஆள் இருந்தார். மற்றொன்றிற் பதவி இருந்தது. சந்திப்பினால் ஒருவர் மாறினார். பீமனும் அனுமனும் தந்த இலக்கணத்திற்கு இக்கதை அமைந்துவிட்டது.

இதனை எமது கல்லூரியின் மூத்த ஆசிரியர் ஒருவரிடம் ஒருநாள் இடைவேளையில் விரித்துரைத்தோம். இலக்கியத்திற் பழுத்த அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "தம்பி, செத்த வீரனை எழுப்பி அவன் சட்டையை இன்னொருவனுக்கு மாட்டுவதிலும், புதிதாய் ஒரு வீரனைப் படைத்தால் என்ன? இரவற் சட்டையில் என்ன கௌரவம்?" என்றார்.

நல்ல கேள்வி. புதியவரைப் படைக்க வேண்டியதுதான். அதில் இரண்டாம் கருத்து இல்லை. இரவற் சட்டை என்பதை மட்டும் நாம் ஒப்பவில்லை. புதிய வீரனுக்குப் பழைய கணக்கு இல்லை, லொதாருக்கு உண்டு. அவர் பின்னால் நின்றதை மூன்று தலைமுறையினர் கண்டிருக்கின்றனர். ஆகவே அவர் முன்னால் வருவதையும் அதே மேடையிற் காண வேண்டும். வேறொரு மேடையில் வேறொருவருக்கு முடிசூட்டினால் அக்கணக்குத் தீர்ந்துவிடாது. அன்றியும் வேதாளனின் கதையிலேயே இதற்கு வாசல் இருந்தது. முன்னே வாசகரை மனத்திற் கொள்ள வேண்டியது இதற்காகவே. சாகாதவன் என்பது பதவி. பதவியின் உயிர் ஆணையில் இருக்கின்றதேயன்றி அணிபவரின் தோல் நிறத்தில் இல்லை. பதினேழாவது வேதாளனின் இரட்டைச் சகோதரியான ஜூலி அவ்வுடையை அணிந்து நின்றதாக லீ பால்க்கே ஒரு கதை சொல்லியிருக்கின்றார். குகையின் கதவு பெண்ணுக்குத் திறந்தது. பின்னர் லொதாருக்கும் திறந்தது. வெளியிலிருந்து எவரும் அதை உடைக்கவில்லை.

இவ்வாறு சொன்னபோது அவர் முறுவலித்தார். "அப்படியானால் குகனைப் பற்றியல்லவா நீர் பேசுகின்றீர்" என்றார். அவ்வொரு சொல்லில் எமது நீண்ட விளக்கம் முழுவதும் அடங்கிவிட்டது. ஓடம் விட்ட குகனை இராமன் தன் உடன்பிறந்தாருள் ஒருவனாக எண்ணிக்கொண்ட இடத்தைக் கம்பர் எத்துணை அன்போடு பாடினார் என்பதைத் தமிழ் கற்ற எவரும் அறிவர். உதவியாளனாக வந்தவன் உறவினனாக மாறும் கணம் அது.

அன்றைய உரையாடலின் பயனாக மேல்வகுப்பு மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுத்தோம். வெவ்வேறு கதைகளைச் சேர்ந்த இருவரைச் சந்திக்க வைத்து ஒரு சிறுகதை எழுதுக என்பதே அது. பலர் அனுமனையும் அயன் மனிதனையும் மோதவிட்டனர்; கர்ணனுக்கு இயந்திரத் தேர் கொடுத்தனர். வாசித்துச் சிரித்தோம், மதிப்பெண்ணும் இட்டோம். கரையோரக் கிராமமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, வகுப்பில் வாய் திறவாதவள், வேறு விதமாக எழுதியிருந்தாள். அவள் கதையில் ஒரு மாலைப்பொழுதிற் குகன் ஆற்றங்கரையில் ஓடத்தைக் கட்டிவிட்டு அமர்ந்திருக்கின்றான். அங்கே வேறொருவன் வருகின்றான். சகுந்தலையின் கணையாழியை மீன் வயிற்றிலிருந்து எடுத்தவனும், கள்வன் என்று காவலரால் அடிக்கப்பட்டவனுமாகிய செம்படவன் அவன். இருவரும் வலையைப் பிரித்து உலர்த்தியபடி, தம்மைக் கடந்துபோன அரசர்களைப் பற்றிப் பேசிக்கொள்கின்றனர். ஒருவனை அரசன் தழுவினான். மற்றவனுக்குப் பொருள் கொடுத்தான். எது பெரிதென்று இருவருக்கும் வழக்கு. வழக்குத் தீருமுன் காற்றுத் திசை மாறிவிட, இருவரும் சேர்ந்து ஓடத்தை மணலில் இழுத்து ஏற்றுகின்றனர். கதை அவ்வளவே.

எழுத்துப் பிழைகள் இருந்தன, திருத்தினோம். ஆனால் அக்கதையை வகுப்பில் உரக்க வாசிக்குமாறு அவளைக் கேட்டபோது, எழுந்து முன்னால் வந்து நின்று வாசித்தாள். அதற்குமுன் அவள் அவ்விடத்தில் நின்றதில்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளைகள் சித்திரக்கதை வாசிப்பதைப் பொழுது வீணென்று வெறுக்க வேண்டாம். பழைய வீரர்களின் கதைகள் இன்று அச்சிலும் கைப்பேசித் திரையிலும் மீண்டும் உலவுகின்றன. அவற்றைப் பழைமை என்பதற்காகப் போற்றவும் வேண்டாம். பழங்குறைகளுக்காகத் தீயிலிடவும் வேண்டாம். பிள்ளையின் அருகில் அமர்ந்து நாமும் ஒரு பக்கம் வாசிப்போம். வாசிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் மெல்லக் கேட்டு வைப்போம்: இந்தப் படத்திற் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் நிற்பவர் யார், அவர் எந்த ஊர், அவருக்கு என்ன ஆசை? பிள்ளை முதலில் விழிக்கும். பிறகு படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, முன்னால் நிற்கும் வீரனை விட்டு அந்த மூலையை உற்றுப் பார்க்கத் தொடங்கும்.